கேமரா பொய் சொல்லாது என்பவர்களுக்கு

சித்தப்பாவின் போனுக்கு வந்த குறுஞ்செய்தியை அவர் பத்து நாளாகத் திறக்கவே இல்லை. லோன் விளம்பரம் என்று நினைத்திருக்கிறார். ஒருநாள் இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது போனை என்னிடம் நீட்டினார். “ஏப்பா, இதுல என்னமோ ஆயிரம் ரூவான்னு போட்ருக்கு, என்னன்னு பாரு.”

ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டியதற்கு அபராதம் ரூ. 1,000. இடம், அவர் போய்ப் பல வருடமான ஒரு மாநகரம். நாள், அவர் ராஜபாளையத்து மில்லில் பகல் ஷிப்டில் நின்ற ஒரு செவ்வாய்க்கிழமை. படத்தைத் திறந்து பார்த்தேன். அதில் இருந்தது ஒரு ஸ்கூட்டர். சித்தப்பாவிடம் இருப்பது டிவிஎஸ் எக்ஸ்எல். ஸ்கூட்டரின் எண் டிஎன் 64 என்று தொடங்குகிறது. சித்தப்பாவின் வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் பதிவு, டிஎன் 84. பிளேட்டில் இருந்த ஆறு, அழுக்குப் பட்டு எட்டாகத் தெரிந்திருக்கிறது. மற்ற எழுத்தும் எண்களும் அப்படியே ஒத்துப்போகின்றன.

“என் வண்டி இல்லையே” என்றார். “ஆமா சித்தப்பா, எதுத்து எழுதுவோம்” என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. “எதுக்குப்பா வம்பு? கட்டி விட்ரு. ஸ்டேசன், கோர்ட்டுன்னு அலைஞ்சா ரெண்டு ஷிப்டு போயிரும்.”

அந்தக் ‘கட்டி விட்ரு’வைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கேமராவே வேண்டாம் என்பவன் அல்ல நான். 2022-இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 பேர் செத்தார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் சாலையில் செத்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நம் வீடுகளில் இருப்பது அந்த வண்டிதான். கேமராக் கண்காணிப்பை நடைமுறைப்படுத்தச் சொல்லி மாநிலங்களை உச்ச நீதிமன்றம் நெருக்குவதற்குப் பின்னால், கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கு இருக்கிறது. உடைந்த எலும்புகளை ஒட்டி ஒட்டிச் சலித்த ஒருவரின் வழக்கு அது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது.

இன்னொன்றும் உண்டு. திருமங்கலத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் பைக் ஓட்டிப் பழகியவன் நான். வண்டியை ஓரங்கட்டச் சொல்பவர் கேட்கும் முதல் கேள்வி “லைசென்ஸ் எங்கே?” என்பதாக இருப்பதில்லை. “எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு?” கேமரா இதைக் கேட்காது. அந்த அளவில் அது எனக்கும் நிம்மதிதான். அதனால்தான் நம் தோழர்கள் பலரே “இயந்திரத்துக்கு ஏது சாதி?” என்கிறார்கள்.

இயந்திரத்துக்குச் சாதி இல்லை, சரி. இயந்திரம் தப்பு செய்தால் அதைத் திருத்த ஆகும் செலவுக்குச் சாதி இருக்கிறதா, இல்லையா?

அந்தச் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலில் குறுஞ்செய்தி உரியவருக்கு வர வேண்டும். மூன்றாம் கையாக வாங்கிய வண்டி, பெயர் மாற்றாத ஆர்.சி., பழைய முதலாளியின் போன் எண் என்றால் அதுவும் வராது. இன்சூரன்ஸ் போடப் போகும்போதோ, பெயர் மாற்றப் போகும்போதோதான் நாலு அபராதம் நிற்பது தெரியும். செய்தி வந்தாலும் படத்தைத் திறக்க வேண்டும், ஆங்கிலப் பக்கத்தில் புகார் பகுதியைக் கண்டுபிடிக்க வேண்டும், ஆர்.சி.யை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அங்கே தீராவிட்டால் மெய்நிகர் நீதிமன்றம். ‘எதிர்க்கிறேன்’ என்று அங்கே பதிந்தால், சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் ஊரின் நீதிமன்றத்துக்கு வழக்கு போகும். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றமே எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. சித்தப்பா அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறார். ஆனால் போகாத ஊரில் செய்யாத குற்றத்தை மறுக்க, அவர் அந்தப் போகாத ஊருக்கே பஸ் ஏற வேண்டும்!

காரும் வக்கீல் நண்பரும் வைத்திருப்பவருக்கு இது ஒரு வாட்ஸ்அப் செய்தி. தினக்கூலிக்கு இது இரண்டு நாள் சம்பளம், பஸ் காசு, மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கும் லீவு. இந்த மாவட்டத்தில் தினக்கூலியாக யார் அதிகம், ஆங்கிலப் பக்கம் யாருக்கு அந்நியம், ஸ்டேஷன் படியேறினால் யாரை உட்காரச் சொல்வார்கள், யாரை நிற்க வைப்பார்கள் என்பதெல்லாம் தற்செயலாக அமைந்ததா?

கேமரா எண்ணைப் படிக்கிறது. எண் பதிவேட்டைத் திறக்கிறது. பதிவேட்டில் முகவரி இருக்கிறது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். சித்தப்பாவின் ஆர்.சி.யில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. அந்த ஆர்.சி.யை நீட்டித்தான் “இது என் வண்டி இல்லை சார்” என்று அவர் சொல்ல வேண்டும். கேமரா கேட்காமல் விட்ட ‘எந்தத் தெரு’ அந்த மேசைக்குப் பின்னால் காத்துக்கொண்டிருக்கிறது.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆம் பிரிவின்படி நீங்கள் கட்டுவது இணக்கக் கட்டணம். கட்டிவிட்டால் விவகாரம் முடிந்தது. அதாவது, குற்றம் நடந்தது, நடந்தவர் ஒப்புக்கொண்டு கட்டினார் என்று கணக்கு மூடப்படுகிறது. 64-ஐ 84 என்று படித்த தப்பு எங்கேயும் பதிவாகாது. கட்டப்பட்ட ஒவ்வொரு தவறான அபராதமும், கேமரா சரியாகத்தான் வேலை செய்கிறது என்பதற்கான சாட்சியாக மாறுகிறது. எதிர்க்க வழியில்லாதவர்கள் தங்கள் கூலியைக் கொடுத்து இயந்திரத்துக்கு நற்சான்றிதழ் வாங்கித் தருகிறார்கள். பிறகு அதே சான்றிதழைக் காட்டித்தான் “கேமரா பொய் சொல்லாது” என்கிறார்கள்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்து ஓர் உதாரணம். அங்கே அஞ்சல் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் புகுத்தினார்கள். அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. ‘பணம் எங்கே?’ என்று கேட்டபோது, நிலையங்களை நடத்தியவர்கள் பலர் சொந்தச் சேமிப்பிலிருந்தும் கடன் வாங்கியும் கட்டினார்கள். கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்ய 2024-இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. மென்பொருளுக்கு நிறவெறி கிடையாதுதான். ஆனால் சந்தேகத்துக்குள்ளானவர்களை இனவாரியாக, இழிவான சொற்களால் வகைப்படுத்திய விசாரணை ஆவணம் ஒன்று 2023-இல் வெளியே வந்தது. இயந்திரம் செய்த தப்பை மனிதர்கள் தங்கள் பழைய கண்ணாலேயே விசாரித்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கின. அதே மாதம் வயநாட்டில், மரக்கிளை வெட்டும் தொரட்டியை ஏற்றிப்போன மின்வாரிய ஜீப்புக்கு ரூ. 20,500 அபராதம் வந்தது. சில நாட்களில் கல்பற்றாவில் இருந்த மோட்டார் வாகனத் துறை அலுவலகத்தின் கரண்ட் துண்டிக்கப்பட்டது. கேட்டால், பில் பாக்கி! நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். மின்வாரியத்தின் கையில் பிடுங்க ஒரு ஃபியூஸ் இருந்தது. சித்தப்பாவின் கையில் என்ன இருக்கிறது?

சட்டம் இருக்கிறது, தோழர்களே. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதியைப் படியுங்கள். கேமராவுக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருப்பதை முன்கூட்டியே எச்சரிக்கும் பலகை சாலையில் இருக்க வேண்டும். குற்றத்தையும் எண் பலகையையும் தெளிவாகக் காட்டும் படம், நாள், நேரம், இடம், மீறப்பட்ட பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் எல்லாம் பதிவில் இருக்க வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் வர வேண்டும். நிரூபிக்கும் கடமையை விதி அரசின் மேல்தான் வைத்திருக்கிறது. நடைமுறை அதைத் தூக்கி சித்தப்பாவின் தலையில் வைத்துவிட்டது.

ஆகவே கேட்கிறோம். படத்தில் இருப்பது ஸ்கூட்டர், பதிவேட்டில் இருப்பது எக்ஸ்எல் என்பதை அபராதம் அனுப்பும் முன் ஒரு மனிதர் பார்க்க முடியாதா? நோட்டீஸைப் படத்தோடு தமிழில் அனுப்ப முடியாதா? உள்ளூர் நீதிமன்றத்திலோ ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ மறுப்பைப் பதிவுசெய்ய வழி செய்ய முடியாதா? மறுப்பு நிலுவையில் இருக்கும்வரை ஆர்.சி. வேலைகளை முடக்காமல் இருக்க முடியாதா? ஒவ்வொரு கேமராவும் எத்தனை அபராதம் போட்டது, அதில் எத்தனை ரத்தானது என்று ஆண்டுதோறும் வெளியிட முடியாதா? தமிழ்நாட்டில் ஹெல்மெட் அபராதத்தை 2022 அக்டோபரில் 100 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கும் அரசாணையை எழுத முடிந்த கைக்கு இதையும் எழுத முடியும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உரிமை தருகிறது. மாவட்ட ஆணைக்குழுவின் கதவைத் தட்டுங்கள். கேமராவின் சான்றிதழைக் கேட்டு, பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். படிப்பகத்தில், மன்றத்தில் மாதம் ஒரு ஞாயிறு உட்கார்ந்து தெருவில் உள்ள வண்டி எண்களை எல்லாம் போட்டுப் பாருங்கள். தப்பாக வந்ததைக் கட்டாதீர்கள், எதிர்த்து எழுதுங்கள்.

சாலை நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. 1924-இல் வைக்கத்தில் நடந்த போராட்டமே கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடக்கும் உரிமைக்காகத்தான். நூறு வருடம் கழித்து, 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்றது அவருடைய குடும்பம். இப்படி வாங்கிய சாலையில், செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து காசு கட்டிவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

சித்தப்பாவின் அபராதம் ஐந்து வாரம் கழித்து ரத்தானது. வருத்தமோ விளக்கமோ ஒரு வரிகூட இல்லை. பக்கத்தில் பாக்கி இல்லை என்று காட்டியது, அவ்வளவுதான். அவர் அதைப் பார்த்துவிட்டு, “அப்ப கீழ வீட்டுக்காரன் போன வருசம் கட்டுனானே, அவனுக்கும் எழுதியிருக்கலாமோ?” என்றார்.

எழுதியிருக்கலாம் சித்தப்பா. அவர் அப்போதே கட்டிவிட்டார். அரசாங்கத்தின் கணக்கில் அந்தக் கேமரா இன்னும் தப்பே செய்யவில்லை.