எலும்பு நலத்தில் வைட்டமின் கே: நிலைப்பாட்டு அறிக்கை

வைட்டமின் கே முதலில் அறியப்பட்டது இரத்தம் உறையத் தேவையான சத்தாகத்தான். கொழுப்பு நீக்கிய தீவனம் தின்ற கோழிக்குஞ்சுகளின் இரத்தக்கசிவை ஆராய்ந்த டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் 1935இல் அதற்குப் பெயரிட்டார். எலும்போடு அதற்குள்ள தொடர்பு 1970களில்தான் தெரியவந்தது.

சில புரதங்கள் கால்சியத்தைப் பற்றிக்கொள்ள வேண்டுமானால், அவற்றிலுள்ள குளுட்டாமிக் அமிலத்தில் ஒரு கார்பாக்சில் தொகுதி கூடுதலாகச் சேர வேண்டும். அதைச் சேர்க்கும் நொதி வைட்டமின் கே இல்லாமல் இயங்காது. எலும்பாக்கும் செல்கள் சுரக்கும் ஆஸ்டியோகால்சினும், இரத்தக்குழாய்ச் சுவரிலும் குருத்தெலும்பிலும் இருக்கும் மேட்ரிக்ஸ் ஜிஎல்ஏ புரதமும் இவ்வகையைச் சேர்ந்தவை. பின்னது, கால்சியம் படியக் கூடாத இடத்தில் படியாமல் தடுக்கிறது. அதற்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளின் தமனிகள் கால்சியம் படிந்து இறுகின; அவை இரண்டு மாதங்களுக்குள் இறந்தன. ஆஸ்டியோகால்சினின் பணியோ அவ்வளவு தெளிவாக இல்லை. அது இல்லாத சுண்டெலிகளுக்கு எலும்பு குறையவில்லை, கூடவே செய்தது என்று 1996இல் வெளியான ஆய்வு காட்டியது.

இரத்தத்தில் கால்சியத்தின் அளவை நிலைநிறுத்துபவை பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டியும். வைட்டமின் கே அல்ல. எனவே, வைட்டமின் கேயின் ஒரு வகையான கே2 பற்றிய 'கே2 மாத்திரை கால்சியத்தை இரத்தக்குழாயிலிருந்து எடுத்து எலும்பில் சேர்க்கும்' என்ற விளம்பர வாசகத்துக்கு இன்றைய சான்றுகள் இடம் தரவில்லை. இதய வால்வில் கால்சியம் படிந்த முதிய ஆண்களுக்கு டென்மார்க்கில் இரண்டு ஆண்டுகள் கே2வும் வைட்டமின் டியும் கொடுத்துப் பார்த்தார்கள். படிவு கூடும் வேகம் குறையவில்லை என்று 2022இல் முடிவு வெளியானது.

எலும்பைப் பற்றிய மருத்துவ ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டவில்லை. நெதர்லாந்தில் மாதவிடாய் நின்ற 244 பெண்களிடம் மூன்றாண்டுகள் நடந்த ஆய்வில், தினமும் 180 மைக்ரோகிராம் கே2 எடுத்தவர்களுக்கு முதுகெலும்பிலும் தொடை எலும்பின் கழுத்திலும் அடர்த்தி குறைவது சற்றே மட்டுப்பட்டது. அதைவிட இரு மடங்கு அளவு கொடுத்த டென்மார்க் ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கனடாவில் தினமும் 5 மில்லிகிராம் கே1 என்ற மற்றொரு வகையை எடுத்த பெண்களிடம் எலும்பு அடர்த்தி மாறவில்லை. முறிவுகள் குறைவாக இருந்தன என்றாலும், முறிவை அளந்து முடிவுசொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வு அல்ல அது. ஜப்பானில் 45 மில்லிகிராம் கே2 எலும்பு மெலிவுக்கான மருந்தாகவே தரப்படுகிறது. ஆனால் அங்கே பெரும் பலன் காட்டிய சில ஆய்வுக் கட்டுரைகள், தரவுகள் நம்பத்தக்கவையல்ல என்று பின்னர் திரும்பப் பெறப்பட்டன. இது கவலைக்குரியது, ஏனெனில் அவற்றையும் சேர்த்துப் பல ஆய்வுகளைக் கூட்டிக் கணக்கிட்ட முடிவுகளும் ஆட்டம் கண்டன.

ஆகவே, எலும்பு முறிவைத் தடுப்பதற்கென்று வைட்டமின் கே மாத்திரையை எல்லோருக்கும் பரிந்துரைக்கச் சான்று போதாது என்பதே இவ்வறிக்கையின் நிலைப்பாடு. கால்சியம், வைட்டமின் டி3, கே2 மூன்றும் கலந்த மாத்திரையை நம்பி, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் எலும்பு மெலிவு உறுதியானவர்கள் நிரூபிக்கப்பட்ட மருந்துகளைத் தள்ளிப்போடக் கூடாது. பச்சிளங்குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஊசிக்கு இது பொருந்தாது. அது உயிர் காப்பது, எந்தக் குழந்தைக்கும் விட்டுப்போகக் கூடாது.

உணவில் வைட்டமின் கே போதிய அளவு இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அமெரிக்கப் பரிந்துரைப்படி நாளொன்றுக்குப் பெண்களுக்கு 90, ஆண்களுக்கு 120 மைக்ரோகிராம் போதும். 100 கிராம் பாலக் கீரையிலேயே 400 மைக்ரோகிராமுக்கு மேல் உண்டு. இது கொழுப்பில் கரையும் சத்து என்பதால், எண்ணெயில் தாளித்த கீரையிலிருந்து உடல் அதை நன்றாக ஏற்கும். சமைப்பதால் பெரிதாக அழிவதில்லை.

வார்ஃபரின், அசெனோகுமரால் உட்கொள்வோர் தனிக் கவனம் கொள்ள வேண்டும். இம்மருந்துகள் வைட்டமின் கேயின் செயலைத் தடுத்தே இரத்தம் உறையாமல் காக்கின்றன. கே2 கலந்த மாத்திரை அவற்றின் பலனைக் குறைத்து, இரத்தக்கட்டு உண்டாக இடமளிக்கலாம். அதற்காகக் கீரையை அடியோடு ஒதுக்குவதும் தவறு. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு கீரை உண்டு, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்வதே சரி. இம்மருந்து எடுப்பவர்கள், எந்தச் சத்து மாத்திரை வாங்குமுன்னும் அட்டையில் கே2 அல்லது அதன் ஒரு வடிவமான எம்.கே.7 என்று இருக்கிறதா என மருந்துக்கடையில் கேட்டு, மருத்துவரிடம் காட்டிய பிறகே உட்கொள்ள வேண்டும்.