ஒலிப்பதிவுக் கூடத்தில் உயிருள்ள உழைப்பு

புனே நகரின் சட்டக் கல்லூரிச் சாலையில் அமைந்துள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் வளாகம் ஒரு காலத்தில் பிரபாத் திரைப்பட நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. 1929இல் கோலாப்பூரில் தொடங்கப்பட்ட பிரபாத், 1933இல் புனேவுக்கு இடம்பெயர்ந்தது. 'சந்த் துக்காராம்' (1936) உள்ளிட்ட புகழ்பெற்ற படங்களைத் தந்தது. தமிழுக்கும் அதனுடன் உறவு உண்டு. 1934இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' பிரபாத்தின் தயாரிப்பே. அப்படத்தில் இராவணனின் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாகத் தோன்றிய எஸ். பாலசந்தர், பின்னாளில் நாடறிந்த வீணைக் கலைஞர் ஆனார்.

பேசும் படத்தின் தொடக்க ஆண்டுகளில் நடிகர் பாடும்போதே பாட்டைப் பதிவு செய்தாக வேண்டும். தபலாவும் ஆர்மோனியமும் வாசிப்போர் கேமராவின் பார்வைக்குச் சற்று வெளியே, திரைச்சீலைக்குப் பின்னாலோ மரத்தின் மறைவிலோ அமர்ந்து வாசித்தனர். பிரபாத் போன்ற ஸ்டுடியோக்களில் தச்சர், ஓவியர், நடிகர் ஆகியோரைப் போலவே வாத்தியக் கலைஞரும் மாதச் சம்பளக்காரர். அது பொற்காலமன்று. முதலாளியின் சொல்லே அங்கு சட்டம். ஆனால் இசை என்பது ஒருவர் செய்யும் வேலை, அதற்குக் கூலி உண்டு என்பது சம்பளப் பட்டியலில் எழுதப்பட்டிருந்தது.

இன்று அதே புனேவில் ஒரு சிறிய அறையில் அமர்ந்திருக்கும் இளைஞர், ஒரு மடிக்கணினியையும் ஒரு கீபோர்டையும் கொண்டு நாற்பது வயலின்களையும் ஒரு டோல்கியையும் ஒரு நாதஸ்வரத்தையும் ஒலிக்கச் செய்துவிடுகிறார். அப்படியாயின் உயிருள்ள வாத்தியம் இனி எதற்கு என்ற கேள்வி எழுகிறது. 'நேரடி வாத்தியத்தில் ஆன்மா இருக்கிறது' என்று ரசிகர்கள் விடையளிக்கின்றனர். இந்த விடை பொய்யன்று, ஆனால் போதுமானதன்று. இது ரசனையைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, உழைப்பைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

பெட்டிக்குள் அடைபட்ட கைகள்

கணினியிலிருந்து எழும் வயலின் ஒலியைக் கணினி உருவாக்கவில்லை. எங்கோ ஒரு கூடத்தில் வயலின் கலைஞர்கள் சிலர் ஒவ்வொரு சுரத்தையும் பலவிதமாக வாசித்துப் பதிவு செய்தனர். அந்தப் பதிவுகளின் தொகுப்பே 'சாம்பிள்' எனப்படுவது. பெரும்பாலும் வாசித்தவருக்கு ஒருமுறை கூலி. தொகுப்பை விற்கும் நிறுவனத்துக்கோ பல்லாண்டு வருமானம். கடந்தகால உழைப்பு பொருளாகத் திரண்டு மூலதனத்தின் கையில் சேர்ந்து, நிகழ்கால உழைப்பாளியையே வேலையிலிருந்து வெளியேற்றுவதை மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் விரிவாக விளக்கினார். பஞ்சாலைக்குப் பொருந்திய அந்த ஆய்வு, ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. இயந்திரம் இசைக்கலைஞரைத் தோற்கடிக்கவில்லை. ஒரு கலைஞரின் சேமித்து வைக்கப்பட்ட உழைப்பைக் கொண்டு மற்றொரு கலைஞர் தோற்கடிக்கப்படுகிறார்.

சேமிக்கப்பட்ட இந்த ஒலியால் எல்லாவற்றையும் செய்துவிடவும் முடியாது. நாதஸ்வரத்தில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குச் செல்லும் வழியில்தான் இராகம் இருக்கிறது. அந்த அசைவை விரலும் மூச்சும் அந்தக் கணத்தில் தீர்மானிக்கின்றன. சுரங்களைத் தனித்தனிக் கட்டைகளாக வைத்திருக்கும் விசைப்பலகை அதைத் தோராயமாகப் போலி செய்யவே இயலும். தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கப்படும் நூலிழை அதன் ரீங்காரத்தை மாற்றிவிடுகிறது. வாசிப்பவர் அதைக் காதால் கேட்டுக் கேட்டுச் சரிசெய்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்துப் பேர் ஒரே அறையில் அமர்ந்து வாசிக்கும்போது ஒருவர் மற்றவரைக் கேட்கிறார், விட்டுக்கொடுக்கிறார், முந்துகிறார், காத்திருக்கிறார். கூட்டு உழைப்பின் இந்தப் பண்பே கேட்பவருக்கு 'உயிர்' எனத் தோன்றுகிறது. 'ஆன்மா' என்று ரசிகர் குறிப்பிடுவது பெரும்பாலும் இந்த மனித உறவையே.

கருவிக்குப் பின்னால் உள்ளோர்

வாத்தியம் வாசிப்பவரோடு இந்தச் சங்கிலி முடிந்துவிடுவதில்லை. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் உள்ள மிரஜ் நகரம் சிதாருக்கும் தம்புராவுக்கும் பெயர்பெற்றது. ஆயுதங்களைச் செப்பனிட்டு வந்த சிகல்கர் குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டில் வாத்தியத் தொழிலுக்குத் திரும்பியதால் வளர்ந்த கலை இது. 1953இல் பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாகப் புனேவில் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா போன்ற மேடைகளுக்குச் சுருதி சேர்ப்பவை இத்தகைய தம்புராக்களே. மிரஜ் சிதாருக்கும் தம்புராவுக்கும் 2024இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தஞ்சாவூர் வீணைக்கும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கும் இதே குறியீடு முன்னரே கிடைத்துள்ளது. ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும், வேலையைக் காக்காது. கைப்பேசிச் செயலியே தம்புராவாகிவிட்ட காலத்தில், சுரைக்காய் விளைவிக்கும் விவசாயிக்கும் குடம் குடையும் தச்சருக்கும் தந்தி கட்டுபவருக்கும் தேவைப்படுவது தொடர்ச்சியான வேலை.

தோல் வாத்தியங்களில் இதனுடன் சாதியும் சேர்கிறது. மிருதங்கம் செய்யும் தலித் கைவினைஞர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020இல் நூலாக எழுதினார். மேடையில் வாசிப்பவருக்குக் கிடைத்த மாலை, தோலைப் பதப்படுத்தி வார் பிடித்தவருக்குக் கிடைத்ததில்லை. சாம்பிள் தொகுப்பு இந்தக் கைவினைஞரை மேலும் ஒருபடி மறைத்துவிடுகிறது. முன்பு அவர் பெயர் தெரியாதவராக இருந்தார். இனி தேவையற்றவராகவே ஆக்கப்படுகிறார்.

கேட்டுப் பெற்ற உரிமைகள்

ஸ்டுடியோ முறை சரிந்தபோது மாதச் சம்பளமும் மறைந்தது. 1950களின் தொடக்கத்தில் பிரபாத் மூடப்பட்டது. அதன் வளாகத்தில் 1960இல் அரசின் பயிற்சி நிறுவனம் எழுந்தது. திரையிசை பம்பாயிலும் சென்னையிலும் குவிந்தது. வாத்தியக் கலைஞர் அன்றாடம் அழைக்கப்பட்டால் மட்டுமே கூலி பெறும் தொழிலாளி ஆனார். இந்த நிலையில் சென்னையில் அவர்களைத் தொழிற்சங்கமாகத் திரட்டியவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். பொதுவுடைமை இயக்கத்தில் வளர்ந்த அவர், நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்தவர். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கியவர். வாத்தியக் கலைஞரைக் கலைஞர் என்று புகழ்ந்தால் போதாது, தொழிலாளி என்று அங்கீகரிக்க வேண்டும் என்பதே அவர் பணியின் சாரம்.

அதன் பின் தொழில்நுட்பம் மாறியது. பல தடங்களில் பதிவு செய்யும் முறை வந்ததும் கலைஞர்கள் ஒரே நேரத்தில் கூட வேண்டிய தேவை குறைந்தது. 1983இல் 'மிடி' என்னும் பொதுத் தரநிலை வந்தபின் ஒரே விசைப்பலகையிலிருந்து பல மின்னணுக் கருவிகளை இயக்க முடிந்தது. 'புன்னகை மன்னன்' (1986) படத்தில் இளையராஜாவும் 'ரோஜா' (1992) முதல் ஏ.ஆர். ரகுமானும் புதிய கருவிகளைக் கொண்டு புதிய இசையைப் படைத்தனர். இருவரும் உயிருள்ள வாத்தியங்களைக் கைவிட்டவர்கள் அல்லர். ஆனால் தயாரிப்பாளர்கள் அந்தக் கருவிகளில் கண்டது வேறொன்று: ஆள்குறைப்பு. ஐம்பது பேர் வாசித்த இடத்தில் ஐந்து பேர் போதும் என்ற கணக்கு தொழில் முழுவதும் பரவியது.

இயந்திரத்தைச் சபிப்பது இதற்குத் தீர்வாகாது. மலிவான கணினி, பெரிய ஸ்டுடியோக்களின் வாசலை என்றுமே மிதிக்க முடியாதிருந்த கானா பாடகருக்கும் கிராமத்து இளைஞருக்கும் தம் பாட்டைப் பதிவு செய்யும் வாய்ப்பைத் தந்தது. அந்தச் சனநாயகப் பலனை எந்த இடதுசாரியும் மறுக்க மாட்டார். 1982இல் பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சின்தசைசர்களைத் தடைசெய்யக் கோரித் தீர்மானம் இயற்றியது. தடை வரவில்லை, கருவிகள் பெருகின. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்க இசைக்கலைஞர்கள் இதைவிடக் கூர்மையான பாதையைக் காட்டியிருந்தனர். 1942 ஆகஸ்ட் 1 முதல் அவர்களுடைய சங்கம் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தது. இசைத்தட்டை ஒழிக்க வேண்டும் என்று அது கோரவில்லை. விற்பனையாகும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தொகையைக் கலைஞர் நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று கோரியது. இரண்டாண்டுகளுக்கு மேல் நீடித்த போராட்டத்தின் முடிவில் மாபெரும் நிறுவனங்களும் பணிந்தன. வேலை இழந்த கலைஞர்களைக் கொண்டு பொதுமக்களுக்கு இலவச இசை நிகழ்ச்சிகள் நடத்த அந்த நிதி பயன்பட்டது. இயந்திரத்தின் பலனில் பங்கு கேட்டதே அந்தப் போராட்டத்தின் வலிமை.

பெயர் இல்லையேல் உரிமை இல்லை

இந்தியாவில் அந்தப் பங்கைக் கேட்பதற்குச் சட்டமே தடையாக நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் நிகழ்த்துநர் உரிமைகள் சேர்க்கப்பட்டன. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வணிகப் பயன்பாட்டுக்கு உரிமைத்தொகை பெறும் உரிமையையும் வழங்கியது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பாடகரும் நெடுங்காலம் போராடிப் பெற்ற நல்ல மாற்றம் இது. ஆனால் அதே திருத்தம் ஒரு விதிவிலக்கையும் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாகவோ துணைநிலையானதாகவோ இருந்து, தொழிலின் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதில்லை எனில், தம் பங்களிப்பு திரிக்கப்படுவதைத் தடுக்கும் உரிமை தவிர மற்றவற்றுக்கு அவர் நிகழ்த்துநராகவே கருதப்பட மாட்டார்.

பாடலின் முகப்பில் ஒலிக்கும் புல்லாங்குழலைத் துணைநிலை என்று தீர்மானிப்பவர் யார்? பெயர் போடாமல் விடுவது தயாரிப்பாளரின் வழக்கம். அந்த வழக்கத்தையே காரணம் காட்டிக் கலைஞரின் உரிமையை மறுக்கச் சட்டம் வழிவிடுகிறது. குற்றம் செய்தவரின் பழக்கமே குற்றத்துக்கு நியாயமாகும் விந்தை இது.

இப்போது செயற்கை நுண்ணறிவு இந்த அநீதியைப் பன்மடங்கு பெருக்குகிறது. ஏற்கெனவே பதிவான இசையை உட்கொண்டு புதிய இசையை நொடிகளில் உமிழும் மென்பொருள்கள் வந்துவிட்டன. சுனோ, யூடியோ ஆகிய நிறுவனங்கள் மீது அமெரிக்காவின் பெரிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தன. 2025 இறுதிக்குள் அவற்றுள் சில நிறுவனங்கள் வழக்கைக் கைவிட்டு உரிம உடன்பாடு செய்துகொண்டன. மூலதனம் மூலதனத்தோடு சமரசம் செய்துகொண்டது. அந்தப் பதிவுகளில் பெயரின்றி வாசித்த கலைஞர்களோ பேச்சுவார்த்தை மேசையில் இல்லை.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு படத்திலும் பாடலிலும் இணையத் தளத்திலும் வாசித்த கலைஞர் அனைவரின் பெயரும் இடம்பெற வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் அந்த விதிவிலக்கு நீக்கப்பட வேண்டும். சாம்பிள் தொகுப்புக்கும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கும் கலைஞரின் ஒப்புதலும் தொடர் உரிமைத்தொகையும் கட்டாயமாக்கப்பட வேண்டும். 'நிலைய வித்வான்' என்ற பணி வழியாகத் தலைமுறை தலைமுறையாகக் கலைஞர்களுக்குச் சோறு போட்ட அகில இந்திய வானொலி அந்தப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு மிரஜிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் நரசிங்கம்பேட்டையிலிருந்தும் வாத்தியங்கள் வாங்கப்பட வேண்டும். வாசிக்கக் கற்பிப்போருக்கு நிரந்தர வேலை வழங்கப்பட வேண்டும்.

புனே இதற்கு ஒரு பாடத்தையும் தருகிறது. விநாயகர் ஊர்வலங்களில் டோல் தாஷா குழுவுக்கு முப்பது பேர் என்ற உச்சவரம்பைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2024இல் விதித்தது. அதே செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்புக்குத் தடை விதித்தது. இரைச்சலைப் பற்றிய கவலை நியாயமானது. எனினும் விழாக்கால மேளத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை செல்லும் ஒரு சமூகம், ஆண்டு முழுவதும் மேளத்தால் வாழும் தொழிலாளியின் கூலிக்காக அதே ஊக்கத்துடன் பேசுவதில்லை. வாத்தியம் பண்பாட்டின் சின்னமாக உயர்த்தப்படுகிறது, வாசிப்பவர் மறக்கப்படுகிறார்.

இந்த மறதி இடதுசாரி மேடைகளுக்கும் நேரக் கூடாது. அண்ணாபாவ் சாத்தேயும் அமர் ஷேக்கும் 1944இல் உருவாக்கிய செங்கொடிக் கலைக்குழு, டஃபும் டோல்கியும் துந்துணேயும் கொண்டு மகாராஷ்டிரத்தின் ஆலைவாசல்களைப் பாடவைத்தது. தமிழ்நாட்டின் கலை இரவுகள் பறையையும் தவிலையும் நாதஸ்வரத்தையும் பொதுமேடையின் நடுவில் நிறுத்தின. இன்று செலவைக் காட்டி, பென் டிரைவில் பதிந்த பின்னணி இசைக்கு வாயசைக்கும் பழக்கம் மாநாட்டு மேடைகளிலும் எட்டிப் பார்க்கிறது. மாநாட்டு வரவு செலவில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கீடு இருப்பதுபோல் வாத்தியக் கலைஞர் கூலிக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். துண்டறிக்கையில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும். ஆலைக்குள் கூலி உயர்வு கேட்கும் இயக்கம், தன் மேடையில் பறையடிப்பவருக்கு நியாயமான கூலியைக் கொடுத்துக் காட்டும்போதுதான் திரைத்துறை முதலாளிகளிடம் அதைக் கேட்கும் தார்மீக வலிமையைப் பெறும்.