இழுப்பைத் தானே வரவழைத்துக்கொண்ட டாக்டர்

"குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது, இப்போது எதற்கு அந்தப் பம்ப்பு? பழக்கமாகிவிடாதோ?" ஆஸ்துமாக் குழந்தை இருக்கும் வீட்டில் இப்படிக் கேட்காத மாமியார் உண்டோ? இழுப்பு வருவதற்கு முன்பே அதைத் தடுக்க முடியுமா என்று பார்க்க, ஒரு டாக்டர் தன் நெஞ்சையே பணயம் வைத்தார். அவர் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள் சகோதரிகளே.

பெயர் ரோஜர் அல்டூனியன். 1922-ல் சிரியாவில் பிறந்தவர். அப்பாவும் தாத்தாவும் அங்கே அலெப்போ நகரத்தில் டாக்டர்கள். விடுமுறைக்கு இங்கிலாந்தில் ஏரிக்கரைக்குப் போன இந்தக் குழந்தைகளைப் பார்த்து, ஆர்தர் ரான்சம் 1930-ல் ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேஸான்ஸ்’ என்ற கதைப் புத்தகம் எழுதினார். அதில் ரோஜர் என்ற பெயரிலேயே ஒரு வாண்டு வருகிறான். நிஜ ரோஜருக்கோ கரப்பானும் இழுப்பும். (இந்த இரண்டும் அக்கா தங்கை மாதிரி, ஒன்று இருக்கும் வீட்டில் மற்றதும் அடிக்கடி எட்டிப் பார்க்கும்.)

இரண்டாவது உலகப் போரில் விமானம் ஓட்டினார், பிறகு டாக்டரானார். 1956-ல் இங்கிலாந்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். எகிப்துப் பக்கத்து நாட்டு மருந்தான ‘கெல்லா’ என்ற செடியின் சத்தை வைத்து அங்கே புதுப்புது மருந்துகள் செய்துகொண்டிருந்தார்கள். நம் ஓமத்துக்குத் தூரத்து உறவுதான் அந்தச் செடி!

சோதனைப் பிராணிகளுக்கு வரவழைக்கும் மூச்சிரைப்பு வேறு, மனுஷனுக்கு வரும் ஆஸ்துமா வேறு என்பது ரோஜரின் கட்சி. அதனால் தன்னையே சோதனைப் பிராணியாக்கிக்கொண்டார். கினிப் பன்றியின் ரோமம் அவருக்கு ஆகாது. அதை ஊறவைத்த சாரத்தைப் புகைபோல உள்ளே இழுப்பார். நெஞ்சு அடைக்கும். ஒரு கருவியில் ஊதி, மூச்சு எவ்வளவு குறைந்தது என்று குறித்துக்கொள்வார். இன்னொரு நாள் புது மருந்தை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு அதே விஷப்பரீட்சை! ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காக. அவர் வீட்டுக்காரி எப்படித்தான் பொறுத்துக்கொண்டாளோ!

1965-ல் பலன் கிடைத்தது. ‘குரோமோகிளைகேட்’ என்ற மருந்து. 1967-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் விவரம் வந்தது. அதில் ஒரு விசித்திரம். இழுப்பு வந்தபிறகு போட்டால் அது சல்லிக்காசு பிரயோஜனமில்லை. முன்கூட்டியே போட்டிருந்தால் இழுப்பு வராமல் தடுத்தது. அதுவரை பெரும்பாலும் நெஞ்சு அடைத்தபிறகு பார்த்துக்கொள்வதுதான் வழக்கம். இந்தப் பொடியை உறிஞ்ச ஒரு குழாயும் அவரே வகுத்தார். மூச்சை இழுத்தால் உள்ளே குட்டி விசிறி சுழன்று பொடியைத் தூவும். விமானம் ஓட்டினவர் அல்லவா!

ரோஜர் 1987-ல், 65 வயதில் காலமானார். இன்று அந்த மருந்து கண் அரிப்புக்கான சொட்டு மருந்துகளில்தான் அதிகம் தென்படுகிறது. ஆஸ்துமாவைத் தடுப்பதில் உறிஞ்சும் ஸ்டீராய்டு அதைவிட நன்றாக வேலை செய்வதால், அந்த இடத்துக்கு அது வந்துவிட்டது. ஆனால் வருமுன் தடுப்பது என்ற வழி மாறவில்லை.

ஆகவே டாக்டரிடம் கேளுங்கள்: இதில் தினமும் போட வேண்டியது எது, இழுப்பு வந்தால் போடுவது எது? தெரிந்ததும் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள், அவசரத்தில் பாட்டி எடுத்தாலும் மாறாமல் இருக்கும். குழந்தை விளையாடுகிறதே என்று தினப்படி பம்ப்பை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதனால்தான் அது விளையாடுகிறது. அடிமையாகிவிடும் என்ற பயம் வேண்டாம். ஸ்டீராய்டு பம்ப்பு போட்டதும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். சின்னக் குழந்தைக்குப் பம்ப்போடு பொருத்தும் ‘ஸ்பேஸர்’ குடுவை அவசியம். அடுத்த தடவை போகும்போது பம்ப்பையும் கையோடு எடுத்துப் போய், குழந்தை சரியாக உறிஞ்சுகிறதா என்று டாக்டர் முன்னாலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.