அலுமினியப் பெட்டியில் கம்ப்யூட்டரா?

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் உள்ள ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். மகன் கல்லூரியில் படிக்கிறான். பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, தானே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறான். எல்லாம் வந்துவிட்டது. பெட்டிதான் பாக்கி.

"கடையில் விற்கிற இரும்புப் பெட்டி வேண்டாம்ப்பா. ஜன்னல் கடையில் சொல்லி அலுமினியத்தில் செய்துக்கிறேன். துருப் பிடிக்காது. சூடும் ஏறாது" என்கிறான்.

தகப்பனார் என்ன சொல்வார்? "நீ படிச்சவன். உனக்குத் தெரியாததா?" என்று பணத்தை எடுத்துக் கொடுப்பார்.

பையனின் ஆசையில் தப்பு இல்லை. 2011-ம் ஆண்டு தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக் கணினி கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு ஏழை வீட்டிலும் கம்ப்யூட்டர் புகுந்துவிட்டது. போடியில் ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஆனால் பெட்டி விஷயத்தில் தகப்பனார் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

எர்த் எங்கே?

முதலில் உயிர் விஷயம்.

கம்ப்யூட்டருக்குள் "பவர் சப்ளை" என்று ஒரு சிறு பெட்டி உண்டு. அதற்குள் வருவது 230 வோல்ட் மின்சாரம். அதிலிருந்து மிகச் சிறு அளவு மின்சாரம் வெளித் தகட்டுக்குக் கசியும். அதன் அமைப்பே அப்படித்தான். எர்த் கம்பி இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தகட்டைத் தொடும்போது கை விறுவிறுக்கும். உள்ளே வயர் உரிந்து தகட்டில் பட்டுவிட்டால் விறுவிறுப்போடு நிற்காது. ஆளையே கொன்றுவிடும்.

இது இரும்புப் பெட்டிக்கும் உள்ளதுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அலுமினியத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது.

ஜன்னலுக்கு வரும் அலுமினியத்தின் மேல் ஒரு பூச்சு இருக்கும். "அனோடைஸ்" செய்தது என்பார்கள். பவுடர் பூச்சு அடித்ததும் உண்டு. இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தாது. அலுமினியம் நன்றாகக் கடத்தும். அதன் தோல் கடத்தாது! அதனால் பெட்டியின் ஒரு பக்கம் எர்த்தோடு சேர்ந்திருக்கும். அடுத்த பக்கம் ரப்பரும் பூச்சுமாக, சேராமல் தனியே நிற்கும். கண்ணுக்கு அது ஒரே பெட்டி. மின்சாரத்துக்கு நாலைந்து துண்டு. உரிந்த வயர் அந்தத் தனித் துண்டில் பட்டால் பியூஸ் போகாது. யாராவது தொடுகிற வரை மின்சாரம் அங்கேயே நிற்கும்.

நல்ல கம்பெனிகள் திருகாணி உட்காரும் இடத்தில் பூச்சு இல்லாமல் விட்டு, எல்லாத் தகடும் ஒன்றோடொன்று சேரும்படி செய்கின்றன. ஜன்னல் கடைக்காரர் மேல் குறை சொல்ல முடியாது. ஜன்னலுக்கு எர்த் எதற்கு?

இன்னொன்று. பல பழைய வீடுகளில் பிளக்கின் மூன்றாவது துளை பேருக்குத்தான் இருக்கிறது. பின்னால் கம்பியே கிடையாது.

சூடு குறையுமா?

"அலுமினியம் சூட்டை இழுத்துவிடும்" என்பது பாதி உண்மை. இரும்புத் தகட்டைவிட நாலைந்து மடங்கு அதிகமாக அது சூட்டைக் கடத்தும். சோற்றுப் பாத்திரத்துக்கு அது நல்லது. பாத்திரம் அடுப்பின் மேலே உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் சூடேறுகிற பிராசசர், பெட்டியின் சுவரைத் தொடுவதே இல்லையே! சூட்டை வெளியே கொண்டு போவது காற்று. காற்றைத் தள்ளுவது விசிறி.

அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி 2003-ம் ஆண்டு "பவர் மேக் ஜி-5" என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெட்டி அலுமினியம். முகப்பு முழுவதும் சல்லடை போலத் துளைகள். உள்ளே 9 விசிறிகள்! அலுமினியமே போதும் என்றால் 9 விசிறி எதற்கு?

தேனிப் பக்கம் ஆடிக் காற்று எப்படி வீசும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். அந்தக் காற்றோடு புழுதியும் வரும். துளை வைத்தால் புழுதி. வைக்காவிட்டால் சூடு. கடைப் பெட்டிகள் பலவற்றில் கழற்றிக் கழுவும் வலை இருக்கிறது. சொந்தப் பெட்டிக்கு அதையும் செய்தாக வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர்

ஜன்னல் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ரப்பரை வைத்து அடைத்துவிடலாம். "மதர் போர்டு" என்ற பலகை அப்படியல்ல. 1995-ம் ஆண்டு இன்டெல் கம்பெனி வகுத்த அளவுப்படி, முழு அளவுப் பலகை 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர். அதை 9 இடங்கள் வரை திருகாணி போட்டு நிறுத்த வேண்டும். ஒரு துளை தள்ளிப் போனால் பலகை வளையும். அடியில் வைக்கும் பித்தளைக் கால் தப்பான இடத்தில் முட்டினால் ஷார்ட் ஆகும். துளை போட்ட அலுமினியத் தூள் உள்ளே விழுந்தாலும் அதே கதிதான். ஒரு நொடியில் பல ஆயிரம் ரூபாய் போய்விடும்.

அலுமினியம் மிருதுவான உலோகம். அடிக்கடி கழற்றி மாட்டினால் மரை தேய்ந்துவிடும். இரும்புத் தகட்டின் கனத்திலேயே எடுத்தால், அதைப்போல் மூன்று மடங்கு வளையும். விசிறி சுழன்றால் தகடு கடகடக்கும். கனத்தைக் கூட்டினால் காசு கூடும். கேட் செய்கிற பட்டறையில் வெல்டிங் வைக்கலாம் என்றால், சாதாரண வெல்டிங் ஒத்து வராது. ஆர்கான் வாயு வேண்டும்.

துருப் பிடிக்காது என்பது மட்டும் நிஜம். ஆனால் பெயிண்ட் அடித்து வீட்டுக்குள் நிற்கும் இரும்புப் பெட்டி மழையிலா நனைகிறது? அது இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. மிச்சப் பணத்தில் நல்ல பவர் சப்ளை வாங்கலாம். வீட்டுக்கு எர்த் போடலாம்.

பெட்டி ஏற்கெனவே செய்தாகிவிட்டதா? அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொரு தகட்டிலும் ஓர் இடத்தில் பூச்சைச் சுரண்டி, எல்லாவற்றையும் கம்பியால் இணைத்து, பவர் சப்ளையின் தகட்டோடு இறுக்கிவிட வேண்டும். பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். அவர் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னில் வைப்பார். மறு முனையைத் தகட்டில், பூச்சு சுரண்டிய இடத்தில் வைப்பார். சேர்ந்திருந்தால் மீட்டர் கூவும். சுவரில் உள்ள எர்த்தையும் அவரே சோதித்துவிடுவார். தகப்பனார் பக்கத்தில் நின்று எண்ணட்டும். நாலு பக்கம், மேல் மூடி, அடித் தகடு. ஆறு தடவை கூவ வேண்டும்.