அனுப்பினால் மட்டும் போதுமா?

விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் தம் ஆராய்ச்சியைக் கண்ணும் கருத்துமாகச் செய்கிறார்கள். கருவியைச் சரி பார்க்கிறார்கள். ஒரே அளவை மூன்று முறை எடுக்கிறார்கள். பிழை எவ்வளவு இருக்கக்கூடும் என்பதையும் கணக்கிட்டு எழுதுகிறார்கள். ஆனால் அவ்வாறு அரும்பாடுபட்டுப் பெற்ற எண்களை ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கொண்டு செல்லும்போது மட்டும் அந்தக் கவனம் எங்கே போகிறதோ தெரியவில்லை. பென்டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக் கொள்கிறார்கள். வந்து சேர்ந்தது முழுமையா, குறையா என்று யாரும் பார்ப்பதில்லை. திரையில் கோப்பின் பெயர் தெரிந்தால், கோப்பே வந்து சேர்ந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் எதையும் ஐயுற்று ஆராய்கிறவர், கணினியின் முன் அமர்ந்ததும் எதையும் நம்புகிறவராக மாறிவிடுவது விந்தை அன்றோ?

இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுவதற்கு வேண்டிய கருவி விலையின்றியே கிடைக்கிறது. அதன் பெயர் ஆர்சிங்க். அதற்குப் படங்களும் இல்லை, பொத்தான்களும் இல்லை. கருந்திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். முதலில் கருவியின் பெயர். அடுத்து ஒரு சிறு கோடும் சில எழுத்துக்களும். பிறகு கோப்பு இருக்கும் இடம். இறுதியில் அது சேர வேண்டிய இடம். இவ்வளவே. இதைக் கண்டு நம் நண்பர்கள் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் போக்கவே இதை எழுதுகிறேன்.

கணினிக்குக் கணினி கோப்பு அனுப்பும் முறையின் தொடக்கத்திலேயே ஓர் இந்தியரின் பெயர் இருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்து 1965-இல் பட்டம் பெற்றவர் அபய் பூஷண். அவர் அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தபோது, 1971 ஏப்ரலில், எஃப்.டி.பி. என்று பின்னர் உலகம் அறிந்த நெறிமுறையின் முதல் வரைவை எழுதினார். அது நெடுங்காலம் பயன்பட்டது. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. கடவுச்சொல்லும் கோப்பும் மூடாத அஞ்சலட்டையைப் போல வழியெங்கும் யாரும் படிக்கும்படி சென்றன. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அதைக் கண்ட தாது யுலோனன், எல்லாவற்றையும் மறைமொழியாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை உருவாக்கினார். அடுத்த ஆண்டு, 1996-இல், ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கராசும் ஆர்சிங்க்கை வெளியிட்டார்கள். அதன் கணித முறையை டிரிட்ஜெல் 1999-இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கினார். இன்று ஆர்சிங்க், எஸ்.எஸ்.எச். அமைத்துத் தரும் பாதுகாப்பான பாதையிலேயே பெரும்பாலும் செல்கிறது.

அதன் முறை எளிமையும் அழகும் உடையது. அங்கே ஒரு கோப்பின் பழைய படி இருக்கிறது. இங்கே அதன் திருத்திய படி இருக்கிறது. அங்குள்ள கணினி தன் படியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு அனுப்புகிறது. இங்குள்ள கணினி தன் புதிய படியில் அந்த அடையாளங்களைத் தேடுகிறது. பொருந்தும் துண்டுகளை அது அனுப்புவதே இல்லை. “உன்னிடம் உள்ள ஏழாம் துண்டையே இங்கும் வைத்துக்கொள்” என்று குறிப்பு மட்டும் கொடுக்கிறது. மாறிய பகுதி மட்டுமே பயணம் செய்கிறது. இறுதியில் முழுக் கோப்புக்கும் ஓர் அடையாள எண் கண்டு, இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறது. ஒவ்வாவிட்டால் மீண்டும் முயல்கிறது. அனுப்புவதோடு நில்லாமல், அனுப்பியது சேர்ந்ததா என்று கேட்பதும் அதன் கடமையாக இருக்கிறது. அந்தக் குணத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதன் பயனை ஒரு கணக்கால் காட்டலாம். நான் பௌதிகம் பயிலும் முதுகலை மாணவன். எங்கள் துறையில் நீண்ட கணக்குகளைத் தொலைவில் உள்ள பெரிய கணினி ஒன்றில் ஓட்டுகிறோம். விளைவுகளை இங்கே கொண்டு வருகிறோம். ஒரு விளைவுக் கோப்பு 40 கிகாபைட் என்று கொள்வோம். விடுதியின் இணைப்பு வினாடிக்கு 10 மெகாபிட் தருகிறது என்று கொள்வோம். கோப்பு முழுதும் வந்து சேர 32,000 வினாடி ஆகும். ஏறத்தாழ 9 மணி நேரம். எட்டாம் மணியில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? எஸ்.சி.பி. என்னும் மற்றொரு கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆர்சிங்க்கில், பாதி வந்ததைக் காத்து வை என்று முன்னரே சொல்லியிருந்தால், எஞ்சிய ஒரு மணி நேர வேலைதான் மிச்சம். வேனிற் காலத்தில் நாளுக்கு இருமுறை மின்சாரம் போகும் விடுதியில் இருப்பவர்களுக்கு, இது ஆடம்பரமா, தேவையா என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

“பென்டிரைவ் இருக்க இதெல்லாம் எதற்கு?” என்பார்கள் சிலர். எங்களுக்கு மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், நாங்கள் அண்ணன் என்று அழைப்பவர், ஒருநாள் இரவு முழுதும் ஒரு கோப்பைப் பென்டிரைவில் ஏற்ற முயன்று சோர்ந்து போனார். பென்டிரைவில் இடம் நிறைய இருந்தது. கோப்புதான் ஏற மறுத்தது. காரணம் எளிது. பல பென்டிரைவ்கள் ஃபாட்32 என்னும் பழைய அமைப்பில் வருகின்றன. அதில் 4 கிகாபைட்டை எட்டும் தனிக் கோப்பை வைக்க இயலாது. பிறகு கோப்பை வெட்டினார். துண்டுகளைக் கொண்டு போனார். அவற்றுள் ஒரு துண்டு கெட்டிருந்தது மறுவாரம்தான் தெரிந்தது. அந்த ஒரு வாரத்தை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பார்?

“கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது” என்பார்கள் வேறு சிலர். சிறிய கோப்புகளுக்கு அது நல்ல வழியே; நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பிறர் வீட்டுத் திண்ணையில் எத்தனை நாள் மூட்டையை வைத்திருக்க முடியும்? கல்வி நிலையங்களுக்கு எல்லையற்ற இடம் தந்து வந்த கூகுள், அந்தச் சலுகையை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. 2022-இலிருந்து ஒரு நிலையம் முழுமைக்கும் பொதுவாக 100 டெராபைட் என்று அடிப்படை அளவு வந்தது. அறிவித்தது முறைதான், அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் தம் கோப்புகளை வேறிடம் கொண்டு செல்லும் வழி அறியாதவர்கள், அத்தகைய அறிவிப்பு வரும்போது செய்வதறியாது திகைப்பார்கள். வழி அறிந்தவர் இரண்டு நாளில் மூட்டையை மாற்றிவிடுவார்.

உண்மையைச் சொன்னால், கம்பி வழியை விடச் சுமந்து செல்வதே மேலான சமயங்களும் உண்டு. 2017 ஏப்ரலில் உலகின் பல பகுதிகளில் இருந்த வானொலித் தொலைநோக்கிகள் ஒன்று சேர்ந்து கருந்துளையை நோக்கியபோது குவிந்த தகவலை இணையத்தில் அனுப்ப முடியவில்லை. வட்டுகளில் ஏற்றி விமானத்தில் கொண்டு போனார்கள். தென்துருவத்தில் குளிர்காலம் முடியும்வரை விமானம் செல்ல இயலாததால், அங்கிருந்த வட்டுகள் அவ்வாண்டு டிசம்பரில்தான் ஆராய்ச்சியாளர் கைக்கு வந்தன. எனினும் நம் கோப்புகள் அவ்வளவு பெரியவை அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூர்மையான கத்தி கறியையும் நறுக்கும்; கையையும் நறுக்கும். ஆர்சிங்க்கில் ஒரு விருப்பக் கட்டளை உண்டு. இங்கே இல்லாத கோப்புகளை அங்கேயும் அழித்துவிடு என்பது அதன் பொருள். இடம் மாற்றித் தட்டச்சு செய்துவிட்டால், காப்புப் படியே அழிந்துபோகும். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது? காப்புப் படி எடுக்கும் நிரலைத் திருத்தியதில் தவறு நேர்ந்து, பழைய பதிவேடுகளை மட்டும் நீக்க வேண்டிய நிரல் ஆராய்ச்சிக் கோப்புகளையே நீக்கிவிட்டது. அழிந்தவை ஏறத்தாழ 77 டெராபைட். 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள். பாதிக்கப்பட்டவை 14 ஆராய்ச்சிக் குழுக்கள். அங்கே ஓடியது வேறு நிரல். ஆனால் பாடம் நமக்கும் உரியது. ஆர்சிங்க்கில் ஒத்திகை பார்க்கும் வசதி இருக்கிறது. கட்டளையோடு ‘என்’, ‘வி’ என்னும் இரண்டு எழுத்துக்களைச் சேர்த்தால், அது எதையும் செய்யாமல், என்ன செய்யப் போகிறது என்பதை மட்டும் பட்டியலிட்டுக் காட்டும். ஒத்திகை பாராமல் நாடகம் மேடையேறுவதில்லை. கோப்புக்கும் அந்த விதி வேண்டும்.

மேலும், இக்கருவி வழக்கமாகக் கோப்பின் அளவும் நேரமும் ஒத்திருந்தால் மாற்றமில்லை என்று கொண்டு அதைத் தாண்டிச் செல்லும். ஆகவே மிக முக்கியமான கோப்பை, ஷா-256 என்னும் முறையால் இரண்டு கணினியிலும் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். 64 குறிகள் கொண்ட ஒரு விடை வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை முற்றிலும் வேறாகிவிடும். ஊரிலிருந்து இரயிலில் வரும்போது ஏறுமிடத்திலும் இறங்குமிடத்திலும் பெட்டிகளை எண்ணிப் பார்க்கிறோமே, அதே வேலைதான் இது. ஊறுகாய் ஜாடிக்குக் காட்டும் அக்கறையை இரண்டு ஆண்டு உழைப்புக்குக் காட்டக் கூடாதா?

தமிழர்களாகிய நமக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் சில வேளைகளில் கணினிகள் குழம்புகின்றன. ‘தொகுதி’ என்னும் சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். எகரக் குறி, ஆகாரக் குறி என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. மாக் கணினிகளின் பழைய கோப்பமைப்பு இவ்வாறு பிரித்தே வைத்தது. அதனால் அங்கிருந்து லினக்ஸுக்கு வரும் கோப்பு, ஒரே பெயரில் இரண்டு கோப்புகளாகத் தோன்றக்கூடும். ஆர்சிங்க்கில் பெயரின் குறிமுறையை மாற்றித் தரும் விருப்பம் உண்டு. இதைக் கண்டு, தமிழில் பெயர் வைப்பதே தவறு என்று சொல்கிற நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வழி இருக்கும்போது மொழியை ஏன் விட வேண்டும்?

“கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே, தமிழ்வழியில் படித்து வந்தவர் என்ன செய்வார்?” என்று கேட்கலாம். கட்டளை சில எழுத்துக்கள், விளக்கம்தான் பெரிது. விளக்கத்தைத் தமிழில் சொல்ல யார் தடுத்தார்கள்? வடபுலத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேரும் நம் தம்பி தங்கைகள், முதல் ஆண்டில் இந்தியும் புரியாமல், ஆங்கிலமும் சரளமாக வராமல், கருந்திரையைக் கண்டு மௌனமாகிவிடுகிறார்கள். அந்த மௌனத்தைக் கலைக்கும் கடமை இந்த மன்றத்துக்கு உண்டு. பொங்கல் விழா நடத்துவது மட்டும் மன்றத்தின் வேலை அன்று.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் மன்றத்தின் பழைய மலர்களை அரும்பாடுபட்டு ஒளிவருடி வைத்திருக்கிறோம். அவை இப்போது ஒரே ஒரு மடிக்கணினியில் இருக்கின்றன. அதன் உரிமையாளர் அடுத்த ஆண்டு பட்டம் பெற்று ஊர் செல்கிறார். வரும் பருவத்தின் முதல் சனிக்கிழமை மாலை புதிய மாணவர்களை அழைப்போம். இந்தக் கட்டளையைத் தமிழில் விளக்குவோம். பயிற்சிக்கென வேறு கோப்பு தேட வேண்டாம். அந்த மலர்களையே எடுத்து, முதலில் ஒத்திகை பார்த்து, பிறகு வேறு வேறு இடங்களில் உள்ள இரண்டு கணினிகளுக்கு அவர்கள் கையாலேயே அனுப்பச் சொல்வோம். 64 குறிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வோம். மன்றச் செயலாளர் நாளைக் குறித்தால், கற்றுக் கொடுக்க நான் வருகிறேன்.