தாவீது ஆடியபோது அவர் சிறுவனல்ல

இயேசு அழுதார் என்று நற்செய்தியில் இருக்கிறது, சிரித்தார் என்று எங்கும் இல்லை. ஆகவே வயதுவந்த விசுவாசிக்கு விளையாட்டும் வேடிக்கையும் தகாது என்றொரு வாதம் நம் சபைகளில் நெடுநாளாகச் சுற்றுகிறது. இதை என்னால் ஏற்க முடியாது.

எழுதப்படாததை வைத்துத் தடை விதிப்பவர்கள், எழுதியிருப்பதை ஏன் படிப்பதில்லை? கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரை மாற்றித் தந்தது ஆறு கற்சாடிகள் நிறையத் திராட்சரசம், பல நூறு லிட்டர்! கல்யாண வீட்டு மகிழ்ச்சி பாதியில் நின்றுவிடவில்லை. உடன்படிக்கைப் பெட்டியின் முன் தாவீது துள்ளி ஆடியது ராஜாவான பிறகு. ஜன்னல் வழியே பார்த்து இகழ்ந்தவள் அவர் மனைவி மீகாள். வேதாகமம் யார் பக்கம் நிற்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

துன்பம் நிறைந்த உலகில் சிரிப்பு பொறுப்பின்மை என்பார்கள். ஆனால் 16ஆம் நூற்றாண்டு ரோமில் வாழ்ந்த பிலிப் நேரி என்ற கத்தோலிக்கக் குரு, மக்கள் தம்மைப் புனிதரென்று கொண்டாடிவிடக் கூடாதே என்று, பாதித் தாடியை மட்டும் மழித்துக்கொண்டு நடமாடியவர். 1548இல் ஏழை யாத்திரிகரைப் பராமரிக்கச் சங்கம் தொடங்கியவரும் அவரே. 1622இல் பிரான்சிஸ் சவேரியாரோடு ஒரே நாளில் புனிதர் பட்டம் பெற்றார். இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸோ 13ஆம் நூற்றாண்டிலேயே, அளவான விளையாட்டு மனதுக்கு ஓய்வு என்றும், தானும் சிரிக்காமல் பிறர் சிரிப்பையும் கெடுப்பது குற்றம் என்றும் வாதிட்டுவிட்டார்.

கிருபையால் மன்னிக்கப்பட்டோம் என்று நம்புகிறவருக்குத் தன் கௌரவத்தைக் காக்கும் கவலை எதற்கு? பெரியவர்களே, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கைதட்டி ஆடிப் பாடும்போது பின்வரிசையிலிருந்து அதட்டாதீர்கள், எழுந்து சேர்ந்துகொள்ளுங்கள்.