மாகாண எல்லையும் பஸ் அனுமதியும்

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா சென்று திரும்பும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி வழங்குவது ஓர் அதிகாரம்; அதே வீதியில் இன்னுஞ் சிறிது தூரம் ஓடி மதவாச்சியை அடையும் பஸ்ஸுக்கு அனுமதி வழங்குவது வேறோர் அதிகாரம். இஃதென்ன விந்தை என மாணாக்கர் சிலர் வினவுவதுண்டு. விந்தையன்று. வவுனியா வட மாகாணத்தது. மதவாச்சியோ வட மத்திய மாகாணத்தது. மாகாணத்துக்குள் ஓடும் பஸ் மாகாண அதிகார சபையின்பாற்பட்டது. எல்லையைக் கடந்தால், 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவே அனுமதி தரல் வேண்டும். கொழும்புக்கு ஓடும் 87ஆம் இலக்க பஸ் இவ்வகையைச் சார்ந்தது.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்பதற்குப் பழைய கதையொன்றுண்டு. ஒரு காலத்தில் பஸ் வைத்திருந்தவரெல்லாம் ஒரே வீதியில் ஓட்டினர். முன்னே செல்பவனை முந்திப் பிரயாணியை ஏற்றுவதே தொழிலாயிற்று. 1942ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு வழிக்கு ஒருவரே என்னும் முறையைக் கொணர்ந்தது. போட்டி ஒழிந்தது, ஏகபோகம் பிறந்தது. எனவே 1958 ஜனவரி 1ஆந் திகதி, மைத்திரிபால சேனநாயக்கா போக்குவரத்து மந்திரியாயிருந்த காலத்தில், கம்பெனிகளின் சேவைகளை அரசாங்கமே பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் ஒப்படைத்தது. இலாபம் குறைந்த குக்கிராமத்துக்கும் பஸ் அனுப்புதல் பொதுச் சபையொன்றாலேயே கூடும் என்பது எம் கருத்து. ஆயினும் பஸ்கள் போதவில்லை. 1979இல் தனியாருக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. (சந்தை மூட்டையும் மனிதருமாய்க் கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் ஓடிய நம் தட்டிவானைப் பற்றி எழுதப் புகுந்தால் இப்பத்தி போதாது!)

2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டதும் கொழும்புப் பயணத்துக்குக் கப்பலும் விமானமுமே கதியாயின. போர் முடிந்து வீதி திறந்தபின் இரவு பஸ்கள் பெருகின. பேராதனைக்கும் கொழும்புக்கும் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகள் அவற்றிலேதான் கண்ணயர்கின்றனர். ஏறத்தாழ 400 கிலோமீற்றர்; இராக்காலம்; தூக்கத்தை அடக்கி ஓட்டும் சாரதி. அனுமதிப் பத்திரம் வெறுங் கடதாசியன்று. எவ்வழியே, எந்நேரத்தில் ஓடுவது என்பதற்கு பஸ்ஸின் உரிமையாளரைப் பிணைக்கும் கயிறு அது. அனுமதியின்றி ஓடுபவரைப் பிணைப்பது யாது? நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஆசனம் அகப்படாத அவசரத்தில் எந்த பஸ்ஸாயினும் சரியென ஏறுகின்றோம், கட்டணம் கேட்டபடி கொடுக்கின்றோம், சீட்டுக் கேட்பதில்லை.

சபை பஸ்ஸாரும் தனியாரும் நேர அட்டவணை பற்றியும் தரிப்பிடம் பற்றியும் பலகாற் பிணங்கியுள்ளனர். எந்நேரத்து பஸ் தமக்கு வசதி என்று அப்பிணக்குகளிற் பிரயாணிகளைக் கேட்பார் அரியர். ஆனால் முறையிட வழியில்லாமலில்லை. மாகாணங்களுக்கிடையே ஓடும் பஸ் குறித்து ஆணைக்குழுவின் 1955 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அழைக்குமுன் பஸ்ஸின் பதிவிலக்கத்தையும் புறப்பட்ட நேரத்தையும் குறித்துக்கொள்க. சீட்டு இருப்பின் அதனையும் எறியாது வைத்திருக்க.